ரொட்டவேட்டரை கடையில விட்டுட்டு வராதீங்க, எனக்கு 23,400 ரூபா போச்சு

டிராக்டர் வச்சிருக்கிற அண்ணன் தம்பிங்க எல்லாரும் ரெண்டு நிமிசம் ஒதுக்கி இதைப் படிச்சிருங்க. இன்னைக்குக் காலைலதான் கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பார்த்தோம், வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. வீட்டுல இருந்த தோட்டை சொசைட்டில வச்சு வாங்கின பணம் 23,400 ரூபா.

நமக்கு வாழப்பாடி பக்கம். 45 எச்பி வண்டி, பின்னாடி மாட்டி மண்ணைப் பொரட்டுற ஆறடி ரொட்டவேட்டர், அதுல 42 பிளேடு. சொந்தக் காடு கொஞ்சந்தான், மத்த நாளெல்லாம் வாடகைக்கு ஓட்டித்தான் பொழப்பு. நம்ம பக்கம் செம்மண்ணுல சரளை கலந்து கெடக்கும், பிளேடு சீக்கிரம் தேஞ்சிரும். குச்சிக்கிழங்கு புடுங்கின காட்டை ஓட்டும்போதே தெரிஞ்சுருச்சு, பிளேடு முனை ரெண்டு விரல் அகலத்துக்கு வந்துருச்சு, மண்ணைப் பொரட்டாம மேல சொரண்டிட்டுப் போகுது, டீசல் மட்டும் குடிக்குது. கியர்பாக்ஸ்லயும் லேசா சத்தம், ஆயில் சீல் வழியா கசிவு வேற. ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்னு வண்டியோட அயோத்தியாப்பட்டணம் வழியா சேலம் போனேன்.

கடை பேரு போடல. முன்னாடி ஸ்பேர் பார்ட்ஸ், பின்னாடி ஒர்க்‌ஷாப், அந்த மாதிரி கடை. உள்ள நுழைஞ்சதும் டீ வாங்கிக் குடுத்தாங்க, எந்த ஊரு, என்ன வெள்ளாமைன்னு விசாரிச்சாங்க. அந்த ஓனர் ஒரு புது பிளேடை டப்பால இருந்து எடுத்து சிமெண்டு தரையில போட்டாரு, கணீர்னு மணி அடிச்ச மாதிரி சத்தம். "கேட்டீங்களாண்ணா, போரான் ஸ்டீல், சத்தத்துலயே தெரியும், டூப்ளிகேட்டா இருந்தா சொத்துனு விழும்"னாரு. நான் அங்கயே சாஞ்சுட்டேன். அந்த ஒரு சத்தம்தான் என்னை நம்ப வச்சுது. இப்ப யோசிச்சா, தரையில போட்டது ஒரு பிளேடு, மத்த 41-ஐ நான் கண்ணால கூட பாக்கல.

அப்புறம் கியர்பாக்ஸ் மூடியைக் கழட்டிக் காட்டினாங்க. ஆயில் கருகருன்னு, விரல்ல தொட்டா வெள்ளி ஜிகினா மாதிரி இரும்புத்தூள் மினுக்குது. "கிரவுன் பினியன் ரெண்டும் போச்சுண்ணா, செட்டாத்தான் மாத்தணும்"னாங்க. கிரவுன்னா பாக்ஸ் உள்ள இருக்கிற பெரிய பல்சக்கரம், பினியன்னா அதைச் சுத்த வைக்கிற சின்னது. அது சரிதான், ரெண்டும் ஜோடியா உக்கார வச்சு வர்ற பல்லு, ஒன்னு பழசு ஒன்னு புதுசுன்னு போட்டா சேராது, அது எனக்கே தெரியும். கணக்குப் போட்டாரு: பிளேடு போல்ட்டோட 8,400, கிரவுன் பினியன் 9,500, பேரிங், ஆயில் சீல், 90 நம்பர் கியர் ஆயில் சேர்த்து 3,500, கூலி 2,000. மொத்தம் 23,400. அட்வான்ஸ் எல்லாம் வேண்டாம்ணா, நம்பிக்கைதானேன்னு சொன்னாரு பாருங்க, அந்த வார்த்தைக்கு நான் முழுப் பணத்தையும் அப்பவே ஜிபேல போட்டுட்டேன். போன்ல வந்த பேரு வேற யாரோ பேரு. "மச்சான் அக்கவுண்ட்டு"ன்னாரு, சரின்னுட்டேன். பில்லு கேட்டதுக்கு ஒரு துண்டுச்சீட்டுல பேனால எழுதிக் குடுத்தாரு, கடை பேரும் இல்ல ஜிஎஸ்டி நம்பரும் இல்ல.

"இங்க உக்காந்து என்னண்ணா பண்ணப் போறீங்க, லீ பஜார் பக்கம் வேலை இருந்தா முடிச்சுட்டு சாயங்காலம் வாங்க"ன்னாங்க. நானும் போனேன். தப்பு அங்கதான். திரும்பி வரும்போது ராத்திரி எட்டு மணி, ஒர்க்‌ஷாப்ல கரண்ட் இல்ல, போன் டார்ச்சுலதான் பார்த்தேன். ஆரஞ்சு பெயிண்ட்டு அடிச்சு பளபளன்னு இருந்துச்சு. பழைய கிரவுன் பினியன் எங்கன்னு கேட்டேன், பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டாங்க.

மறுநாள் காட்டுல இறக்கி, டிராக்டர்ல இருந்து ரொட்டவேட்டரைச் சுத்த வைக்கிற பிடிஓவைப் போட்டதும் ரொட்டவேட்டர் அப்படியே குலுங்குது, சீட்டுல உக்கார முடியல. கியர்பாக்ஸ்ல இருந்து நாய் ஊளையிடுற மாதிரி ஒரு சத்தம். அரை மணி நேரம் ஓடிருக்கும், பாக்ஸ் மேல கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. நிறுத்திட்டு குனிஞ்சு பார்த்தா நாலு பிளேடு முனை பப்படம் மாதிரி மடங்கிப் போயிருக்கு, ஒன்னு ஒடிஞ்சு எங்கயோ பறந்துருச்சு. பின்னாடி தம்பி பையன் வரப்புல நின்னுட்டு இருந்தான், அவன் மேல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. பெயிண்ட்டு உரிஞ்ச இடத்துல உள்ள துரு. புது பிளேடுல எப்படிங்க துரு வரும்? தேஞ்ச பிளேடைப் பழுக்கக் காய்ச்சி அடிச்சு நீட்டி பெயிண்ட்டு அடிச்சிருக்கானுங்க.

அன்னைக்கே போன் பண்ணேன். "மண்ணு கல்லு மண்ணுங்கண்ணா, எந்தக் கம்பெனி பிளேடும் தாங்காது." மறுநாள், "கியரை ஏத்தி வேகமா ஓட்டிட்டீங்க, அதான்." ஃபர்ஸ்ட் லோ கியர்ல, பிடிஓ 540 ஆர்பிஎம்ல ஓட்டினவன்கிட்ட சொல்றான். அதுக்கடுத்த நாள் ஓனர் ஏற்காடு போயிருக்காரு, டவர் இல்ல. நேர்ல போனேன், கடைப்பையன் "கம்பெனிக்கு போட்டோ அனுப்பிருக்கோம், பதில் வரட்டும்"னான். எந்தக் கம்பெனின்னு கேட்டா வாயைத் திறக்கல. அடுத்த தடவை போனப்ப ஓனரே இருந்தாரு, டீ இல்ல, உக்காருன்னு ஒரு வார்த்தை இல்ல, "எங்க கடையில வாங்கினதுக்கு பில்லு இருக்கா"ன்னு கேட்டாரு. பத்து நாளைக்கு முன்னாடி நம்பிக்கைதானேன்னு சொன்ன அதே வாய். அதுக்கப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க.

இன்னைக்கு நம்ம ஊரு லேத் மேஸ்திரி அண்ணன்கிட்ட பிரிச்சோம். பினியன் மட்டும் புதுசு. கிரவுன் என்னோட பழசேதான், ஒடிஞ்சிருந்த பல்லுல வெல்டு வச்சு கிரைண்டர் போட்டிருக்கு, வெல்டு வச்ச மேடு நகத்துல தட்டுது. பேரிங் மாத்தவே இல்ல. போல்ட்டு தலையில 8.8 ன்னு பலத்தைக் காட்டுற மார்க்கு இருக்கணும், இதுல எல்லாம் மொட்டை. பிளேடை எண்ணினா இடது பக்கம் வளைஞ்சது 24, வலது பக்கம் வளைஞ்சது 18. பாதிக்குப் பாதி 21, 21 இருக்கணும், பிளேடு மாட்டுற வட்டத்தகடு, அதான் பிளேஞ்சு, அது ஒவ்வொன்னுலயும் மூணுக்கு மூணு மாத்தி மாத்தி வரணும், அப்பத்தான் மண்ணை ஒன்னு ஒன்னா வரிசையா வெட்டும். இவனுங்க கையில கெடைச்சதை ஓட்டையில மாட்டி அனுப்பிட்டானுங்க. குலுங்காம என்ன செய்யும்? மேஸ்திரி அண்ணன் பேசவே இல்ல, அந்த கிரவுனைத் துணியில தொடச்சு என் கையில குடுத்துட்டு, "இன்னும் ரெண்டு நாள் ஓட்டிருந்தா ஹவுசிங்கே வெடிச்சிருக்கும் தம்பி"ன்னாரு. அவ்வளவுதான். 23,400 ரூபாய்க்கு எனக்கு கிடைச்சது ஒரு பினியனும் ஆரஞ்சு பெயிண்ட்டும்.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு கூப்பிட்டேன், நல்லாத்தான் பேசினாங்க, பில்லு இருக்கான்னு அவங்களும் அதைத்தான் முதல்ல கேட்டாங்க. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் துண்டுச்சீட்டும் குடுத்திருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாதாம், இதுல ஆகலைன்னா அங்க எழுதிப் போடப் போறேன்.

என்னென்ன பாக்கணும்னு வரிசையா விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், நேரம் இல்ல, முக்கியமானதை மட்டும் சொல்றேன். வண்டியை விட்டுட்டு எங்கயும் போகாதீங்க, பசிச்சாலும் பக்கத்துலயே இருங்க. கழட்டின பழைய பார்ட்டு அத்தனையும் கோணில கட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருங்க, குடுக்க மாட்டேன்னா பணம் குடுக்காதீங்க. கடை பேரு போட்ட பில்லு இல்லாம ஒத்த ரூபா போடாதீங்க, அதுவும் வேற ஆள் பேருக்கு போடவே போடாதீங்க. ராத்திரில டெலிவரி எடுக்காதீங்க. பிளேடை மாட்டுறதுக்கு முன்னாடி இடது வலது எண்ணிப் பாருங்க.

வாடகை ரொட்டவேட்டர் காட்டுக்கு வந்து நிக்குது, மணிக்கு 1,200 ரூபா. போறேன். இதே மாதிரி சேலத்துல யாருக்காவது நடந்திருந்தா கீழ எழுதுங்க, சேர்ந்து போய் புகார் குடுப்போம்.