டர்போ 350 கியர்பாக்ஸ் கசிவு: கார்க் கேஸ்கெட்டா, ஸ்டீல் கோர் ரப்பரா?

டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள செவ்ரோலெட் சி10 பிக்கப்பில், கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றும் முன், மேலே பாருங்கள். கியர் மாற்றும் தண்டைச் சுற்றியுள்ள ஷிஃப்ட் ஷாஃப்ட் சீலில் கசிந்தாலும் எண்ணெய் பேன் விளிம்பில்தான் வந்து சொட்டும். பல நாள் நிறுத்திய வண்டியில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் உள்ள எண்ணெய் பேனுக்கு இறங்கி மட்டம் உயரும். அப்போது மட்டும் ஒழுகினால், பேனுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைக் குறை சொல்லாதீர்கள்.

கார்க் மலிவு. லேசாக நெளிந்த விளிம்பையும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் சூட்டில் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும். கசிகிறதே என்று மேலும் முறுக்கினால் கார்க் பிதுங்கிக் கிழியும், போல்ட் துளையைச் சுற்றிப் பேன் தகடும் குழியும். பிறகு எதைப் போட்டாலும் ஒழுகும்.

உள்ளே எஃகுத் தகடு (ஸ்டீல் கோர்) உள்ள ரப்பருக்கு விலை அதிகம், ஆனால் அளவுக்கு மீறி நசுங்காது, மறுபடியும் பயன்படும். நிபந்தனை ஒன்றுதான்: விளிம்பு தட்டையாக இருக்க வேண்டும். குழிகளை மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சமப்படுத்துங்கள்.

எதுவானாலும் 13 போல்ட்களையும் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில், சுமார் 16 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். சிலிக்கோன் பசை வேண்டாம். பிய்ந்த துணுக்கு ஃபில்டரை அடைக்கும். என் ஓட்டு ரப்பருக்கே.