எக்செலில் செல்லைத் தொட்டால் ஓடும் மேக்ரோ: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் அபார்ட்மெண்டில் 64 வீடுகள். அசோசியேஷன் மெயின்டனன்ஸ் கணக்கை எக்செலில் நான்தான் பார்க்கிறேன். வீட்டு எண் கீழ்நோக்கி, மாதங்கள் பக்கவாட்டில். பணம் கட்டியவருக்குரிய செல்லில் (கட்டத்தில்) தேதி. மாதாமாதம் தேதி அடித்து அலுத்துப்போய், காலியான செல்லைத் தொட்டதுமே அன்றைய தேதி விழும்படி ஒரு மேக்ரோ, அதாவது எக்செலுக்குள் தானாக ஓடும் சிறு நிரல், எழுதினேன்.

செலக்‌ஷன்சேஞ்ச் என்ற ஈவென்ட்தான் (வேறு செல்லுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எக்செல் தரும் சைகை) இதற்கு அடிப்படை. இந்த மேக்ரோவை, நிரல் எழுதும் விண்டோவில் அந்த ஷீட்டுக்கே உரிய பக்கத்தில் எழுத வேண்டும். நான் முதலில் எந்த ஷீட்டுக்கும் சேராத சாதாரண மாட்யூலில் போட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். தொட்ட செல் குறிப்பிட்ட பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் இன்டர்செக்ட் போட்டு, மாதங்களுக்கான பகுதியில் மட்டும் ஓட வைத்ததும் பிரமாதமாக வேலை செய்தது. ஒரு க்ளிக், ஒரு தேதி. முதல் சில மாதங்கள் அவ்வளவு நிம்மதி.

அப்புறம் ஒருநாள் செயலாளர் போன் செய்தார். “தம்பி, 23ஆம் நம்பர் வீட்ல இருந்து 31 வரைக்கும் எல்லாரும் இன்னைக்கே கட்டிட்டாங்களா?”

“இல்லையே சார், யாரும் கட்டலையே.”

அவர் ஷீட்டைத் திறந்து, கீழ் அம்புக்குறியை அழுத்தியபடி பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். மவுஸில் தொட்டாலும் சரி, அம்புக்குறியில் நகர்ந்தாலும் சரி, எக்செலுக்கு இரண்டும் செலக்‌ஷன்தான். போன இடமெல்லாம் தேதி விழுந்துவிட்டது. கன்ட்ரோல் இசட் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. மேக்ரோ ஷீட்டில் எதையாவது எழுதிய உடனே அன்டூ பட்டியல் காலியாகிவிடும். ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு வீடாகச் சரிபார்த்தேன். பணக் கணக்கில் இப்படி நடக்கக் கூடாது. ஒரு செல்லுக்குப் போவது வேறு, அதில் பதிவு செய்யச் சொல்வது வேறு என்று அன்றுதான் உறைத்தது.

இன்னும் சில தொல்லைகளும் இருந்தன. ஓரிடத்தில் காப்பி செய்துவிட்டு இன்னொரு செல்லுக்குப் போனால், மேக்ரோ ஓடி, காப்பி செய்த செல்லைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு மறைந்துவிடும், பேஸ்ட் ஆகாது. ஷீட் முழுவதையும் செலக்ட் செய்தால் ஓவர்ஃப்ளோ என்று நின்றுவிடும். ஒரே செல்தானா என்று பார்க்க, செலக்ட் செய்த செல்களை எண்ணும் டார்கெட் டாட் கவுண்ட் போட்டிருந்தேன். அது 214 கோடி வரைதான் எண்ணும், ஷீட்டில் இருப்பதோ 1,700 கோடிக்கு மேற்பட்ட செல்கள். கவுண்ட்லார்ஜ் என்று மாற்றியதும் சரியானது. மேக்ரோ எழுதும்போது அதுவே மறுபடி ஈவென்ட்டைக் கிளப்பாமல் இருக்க, ஈவென்ட்களை ஆன், ஆஃப் செய்யும் எனேபிள்ஈவென்ட்ஸை நிறுத்திய பிறகு நடுவில் பிழை வந்தால், எக்செலை மூடித் திறக்கும்வரை எந்த ஈவென்ட்டும் ஓடாது. அதனால் பிழை வந்தாலும் அதைத் திரும்ப ஆன் செய்யும் வரியைக் கட்டாயம் எழுதிவிடுங்கள்.

இப்போது தேதி போடும் வேலையை, செல்லில் டபுள் க்ளிக் செய்தால் மட்டும் ஓடும் பிஃபோர்டபுள்க்ளிக் ஈவென்ட்டுக்கு மாற்றிவிட்டேன். அதில் கேன்சலுக்கு ட்ரூ கொடுத்தால் செல் எடிட் நிலைக்குள் போகாது. செலக்‌ஷன்சேஞ்ச் இன்னும் இருக்கிறது, ஆனால் செல்களைத் தொடுவதில்லை. எந்த வீட்டின் வரிசையில் நிற்கிறோமோ அந்த வீட்டின் பாக்கியை எக்செலின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் மட்டும் காட்டுகிறது. ஷீட்டில் எதுவும் எழுதாததால் அன்டூவும் பிழைத்தது.

போனில் திறந்தால் இந்த மேக்ரோ எதுவும் ஓடாது. செயலாளர் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறார். இப்போதும் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டேதான் போகிறார்; அடியில் பாக்கித் தொகை வீட்டுக்கு வீடு மாறுகிறது, காலி செல்கள் காலியாகவே இருக்கின்றன.