கிறிஸ்துமஸ் கரோல்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' காப்புரிமை முடிந்துபோன குறுநாவல். கஞ்சன் ஸ்குரூஜை மூன்று கிறிஸ்துமஸ் ஆவிகள் வந்து திருத்தும் கதை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அச்சடிக்கிறார்கள். அவற்றில் பல, சிறுவர்களுக்கான சுருக்கங்கள். வாங்கும் முன் மூன்றாம் பகுதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். இரண்டாவது ஆவி தன் அங்கியை விலக்கும்போது, அதன் காலடியில் வற்றலாய் ஒடுங்கிய இரண்டு குழந்தைகள் தெரிய வேண்டும். பையன் பெயர் அறியாமை, சிறுமியின் பெயர் இல்லாமை. அவர்கள் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடலாம். முழுப் பிரதியில் ஐந்து பகுதிகள் இருக்கும். ஆங்கிலத்தில் முப்பதாயிரம் வார்த்தைகளுக்குச் சற்றுக் குறைவு.

அந்தக் குழந்தைகளுக்காகத்தான் கதையே. ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்த பிள்ளைகளைப் பற்றிய அரசு ஆணையத்தின் அறிக்கை 1843 தொடக்கத்தில் வந்தது. படித்துக் கொதித்துப்போன டிக்கன்ஸ் முதலில் ஒரு துண்டுப்பிரசுரம் போடத்தான் நினைத்தார், பிறகு தள்ளிவைத்தார். செப்டம்பரில் லண்டன் சாஃப்ரன் ஹில்லில், தெருப்பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொன்ன ஃபீல்டு லேன் பள்ளியைப் போய்ப் பார்த்தார். அக்டோபரில் உட்கார்ந்தவர் சுமார் ஆறு வாரத்தில் எழுதி முடித்தார். டிசம்பர் 19 அன்று புத்தகம் கடைக்கு வந்துவிட்டது.

டிக்கன்ஸின் சொந்த வாழ்க்கை இதில் எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள், கதையில் வரும் கால் ஊனமான சிறுவன் டைனி டிம்மின் ஊன்றுகோலைவிடச் சம்பளக் கணக்கைப் பார்ப்பது நல்லது. டிம்மின் அப்பாவும் ஸ்குரூஜின் குமாஸ்தாவுமான பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, ஆண்டுக்கு 39 பவுண்டு. சாப்பிட எட்டுப் பேர். 1824இல் டிக்கன்ஸின் அப்பா ஜானை மார்ஷல்சி கடன்காரர் சிறைக்கு அனுப்பியது, ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்த 40 பவுண்டு 10 ஷில்லிங். பாபின் முழு ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் முப்பது ஷில்லிங்தான் கூடுதல்! அப்போது 12 வயதான சார்லஸ், தேம்ஸ் கரையில் வாரன் ஷூ பாலிஷ் ஆலையில் லேபிள் ஒட்டி வாரம் ஆறேழு ஷில்லிங் வாங்கிக்கொண்டிருந்தார். கதையில் பாபின் மகன் பீட்டருக்குப் பார்த்துவைத்திருக்கும் வேலைக்கு ஐந்தரை ஷில்லிங். கிராட்சிட் குடும்பம் இருக்கும் கேம்டன் டவுனில்தான், சிறைக்கு முந்தைய ஆண்டுகளில் டிக்கன்ஸ் குடும்பமும் குடியிருந்தது. ஸ்குரூஜின் தங்கைக்கு ஃபேன் என்று தன் அக்காவின் பெயரையே வைத்திருக்கிறார். 1843 வாசகருக்கு இதெல்லாம் தெரியாது. ஆலை வேலை விவரம், டிக்கன்ஸ் 1870இல் இறந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது.

குறிப்புகள் இல்லாத பதிப்பில் படிப்பவர் தடுமாறும் இடங்கள் உண்டு. கிராட்சிட் வீட்டு வாத்து பேக்கரியிலிருந்து வெந்து வருகிறது. ஏன்? ஏழை வீட்டில் கணப்பு இருக்கும், சுட்டெடுக்கும் அடுப்பு இருக்காது. ரொட்டி சுடாத நாளில் பேக்கரி அடுப்பில் அக்கம்பக்கத்தார் தங்கள் சாப்பாட்டைக் கொடுத்து வேகவைத்து வாங்கிப் போவார்கள். ஞாயிறன்று கடைகளை மூடச்சொல்லி 1830களில் மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. நிறைவேறியிருந்தால் ஏழைகளின் அந்த ஒருவேளைச் சுடுசோறும் போயிருக்கும். ஸ்குரூஜ் ஆவியோடு வாக்குவாதம் செய்வது இதைப் பற்றித்தான். சுருக்கப் பதிப்புகளில் முதலில் கத்தரி விழுவதும் இங்கேதான். புட்டிங்கைத் துணி வெளுக்கும் அண்டாவில் வேகவைப்பதால் சலவை வாடை அடிக்கிறது; இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு இது சின்னது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்த ஒரு பக்கத்துக்காகவே முழுப் பிரதி வாங்கலாம்.

"சிறைகள் இல்லையா? ஏழை விடுதிகள் இல்லையா?" என்று ஸ்குரூஜ் கேட்பது 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தை மனதில் வைத்து. அந்த விடுதிகளில் கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் பிரித்து வைப்பார்கள். யாரும் விரும்பி வரக்கூடாது என்பதே ஏற்பாடு. கதையின் பலவீனமும் இங்கேதான். பாபுக்குச் சம்பளம் கூடுகிறது, விடுதி அப்படியே நிற்கிறது. இன்னொரு முரண்: முதல் பதிப்பின் விலை 5 ஷில்லிங், பாபின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் விற்றும் டிக்கன்ஸுக்கு மிஞ்சியது சுமார் 230 பவுண்டு. தங்க விளிம்பும் கையால் வண்ணம் தீட்டிய படங்களும் லாபத்தை விழுங்கிவிட்டன.

பதிப்புகளுக்கு வருவோம். முதல்முறை படிப்பவருக்கு மைக்கேல் ஸ்லேட்டர் தொகுத்த பெங்குவின் கிளாசிக்ஸ் போதும். டிக்கன்ஸின் 'பிக்விக்' நாவலில் வரும் வெட்டியான் கதையும் இதில் உண்டு. ஸ்குரூஜுக்கு அவன்தான் முன்னோடி. குறிப்புகள் கடைசியில் இருப்பதால் இரண்டு விரலை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், அதுதான் தொல்லை. மைக்கேல் பேட்ரிக் ஹெர்ன் விளக்கவுரை எழுதிய நார்ட்டன் பதிப்பில் குறிப்புகள் கதையை ஒட்டியே ஓடுகின்றன. ஆனால் புத்தகம் பெரிது. விளக்கம் சில பக்கங்களில் கதையையே நெருக்கித் தள்ளுகிறது. பாடம் நடத்துபவருக்கு ஏற்றது, படுத்துக்கொண்டு படிப்பவருக்கு அல்ல. எதை வாங்கினாலும் ஜான் லீச்சின் மூலப் படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த இரண்டு குழந்தைகளுக்குப் பின்னால் அவர் ஆலைப் புகைபோக்கிகளை வரைந்திருக்கிறார். கதையில் அந்த வரி கிடையாது.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு குட்டன்பர்க் தளத்தில் முழுப் பிரதி இலவசம், குறிப்புகள்தான் இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் தொகுதியில் டிக்கன்ஸின் ஐந்து கிறிஸ்துமஸ் புத்தகங்களும் சேர்ந்தே வருகின்றன. அதை வாங்குபவர்கள் கரோல் முடிந்த கையோடு 1844இல் வந்த 'தி சைம்ஸ்' கதைக்குப் போகலாம். ஏழைகளுக்கு உபதேசம் செய்யும் கனவான்களை அதில் இன்னும் கடுமையாகவே பிடித்து உலுக்குகிறார்.