எல்டிஎல், நான்-எச்டிஎல், ஏப்போபி: எந்த எண்ணை நம்புவது?

லிப்பிட் ப்ரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலும் கண் போவது 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் வரிக்குத்தான். அளவுக்குள் இருந்தால் நிம்மதி, தாண்டியிருந்தால் கவலை. ஆனால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் இரண்டு எண்களை எடுக்கலாம்: நான்-எச்டிஎல் கொலஸ்ட்ரால் (மொத்தத்தில் 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் போக மீதி), ஏப்போபி (கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களில் இருக்கும் ஒரு புரதம்). மூன்றும் தமனிச் சுவரில் கொழுப்பு படியும் ஆபத்தைத்தான் சொல்ல வருகின்றன. மூன்றும் ஒத்துப்போனால் பேச்சே இல்லை. ஒத்துப்போகாதபோது எதன் பக்கம் நிற்பது? என் ஓட்டு ஏப்போபிக்கு. காரணம் கொலஸ்ட்ரால் ரத்தத்தில் பயணிக்கும் விதத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல செல் சவ்விலிருந்து தொடங்க வேண்டும்.

செல் சவ்வு என்பது பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. தண்ணீரோடு ஒட்டும் தலைகள் இரு பக்கமும் வெளியே, ஒட்டாத வால்கள் நடுவே. அந்த வால்களுக்கு இடையில் கொலஸ்ட்ரால் செருகி நிற்கிறது. அதன் நான்கு வளையங்களும் விறைப்பானவை. ஒரே ஒரு ஹைட்ராக்சில் முனை மட்டும் தலைகளின் பக்கம் இருக்கும். சூடு கூடினால் வால்கள் கண்டபடி ஆடாமல் கொலஸ்ட்ரால் பிடித்துவைக்கும், குளிர்ந்தால் அவை நெருங்கி இறுகிவிடாமல் தடுக்கும். செல்லின் வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட் மூலக்கூறுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சில செல்களில் அதற்கும் மேல், கொலஸ்ட்ரால்தான். செல்லுக்கு உள்ளே இருக்கும் எண்டோபிளாச வலைச் சவ்விலோ 5 சதவீதம் அளவுக்குத்தான் உண்டு. செல் கணக்குப் பார்ப்பது இந்த இடத்தில்தான். இங்கே அளவு அதற்குக் கீழே இறங்கினால், எஸ்ஆர்இபிபி என்ற புரதம் கிளம்பிப் போய், கொலஸ்ட்ரால் தயாரிக்கும் ஜீன்களையும் ரத்தத்திலுள்ள எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் எல்டிஎல் ஏற்பி என்ற புரதத்தின் ஜீனையும் முடுக்கிவிடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பயன்படுத்திக்கொள்வதும் இதைத்தான்: தயாரிப்பு தடைபட்டதும் கல்லீரல் செல் கூடுதல் ஏற்பிகளை வெளியே நிறுத்தி, ரத்தத்திலுள்ள எல்டிஎல்லை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இப்படித் தண்ணீரோடு சேராத ஒரு பொருள் ரத்தத்தில் எப்படிப் போகும்? லிப்போபுரதத் துகளாகத்தான். துகளின் மேல்தோலும் செல் சவ்வு போலவே பாஸ்போலிப்பிட்டும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தது. ஆனால் இரட்டை அடுக்கு அல்ல, ஒற்றை அடுக்கு. செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். துகளுக்குள்ளே இருப்பதோ வெறும் எண்ணெய், அதனால் ஓர் அடுக்கே போதும். கொலஸ்ட்ராலின் அந்த ஒற்றை ஹைட்ராக்சில் முனையில் ஒரு கொழுப்பு அமிலத்தைக் கட்டிவிட்டால் அது எஸ்டராகி, மேல்தோலில் நிற்க முடியாமல் நடுவுக்குள் போய்விடும். ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடுக்கும் அங்கேதான் இடம்.

கல்லீரல் ரத்தத்துக்குள் அனுப்பும், டிரைகிளிசரைடு நிறைந்த ஒவ்வொரு விஎல்டிஎல் துகளையும் சுற்றி 4536 அமினோ அமிலங்கள் கொண்ட ஏப்போபி-100 என்ற ராட்சதப் புரதம் ஒன்று கட்டியிருக்கும். ஒன்றே ஒன்று. மற்ற ஏப்போ புரதங்கள் ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், இது தாவாது. விஎல்டிஎல் சுருங்கி எல்டிஎல் ஆனாலும் அதே ஒரு மூலக்கூறு கூடவே இருக்கும். ஆக, ரத்தத்தில் ஏப்போபி எவ்வளவு என்று அளந்தால், துகள்களை எண்ணியதாகவே ஆகிவிடுகிறது.

எண்ணிக்கை ஏன் முக்கியம்? இந்தத் துகள்கள் தமனியின் உள்சுவரைத் தாண்டிப் போகும். அங்கே ஏப்போபியின் நேர்மின் பகுதிகள் சுவரிலுள்ள புரோட்டியோகிளைக்கன்கள் என்ற சர்க்கரை-புரத மூலக்கூறுகளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் விழுங்கும். விழுங்கிய கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைக்க அவற்றுக்கு வழி இல்லை. சுவரில் வந்து மோதும் துகள்கள் கூடக் கூட, மாட்டிக்கொள்பவையும் கூடும்.

இனி போட்டிக்கு வருவோம். துகள்களை மூட்டைகள் என்று வைத்துக்கொண்டால், எல்டிஎல் கொலஸ்ட்ரால் என்பது மூட்டைகளின் எண்ணிக்கை அல்ல, மூட்டைகளுக்குள் இருக்கும் சரக்கின் மொத்த எடை. அந்த எடையும் பல லேப்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம்தான்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் சூத்திரம் உதவாது. எல்டிஎல் மிகக் குறைவாக இருக்கும்போதும் தடுமாறும். புதிய சூத்திரங்கள் வந்து ஓரளவு சரிசெய்தன என்றாலும், எடையை எண்ணிக்கையாக மாற்ற அவற்றாலும் முடியாது.

இரண்டு பேரின் ரிப்போர்ட்டை வைத்துப் பார்க்கலாம். அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 180, எச்டிஎல் 60, டிரைகிளிசரைடு 100. இன்னொருவருக்கு 190, 40, 250. சூத்திரப்படி இருவருக்கும் எல்டிஎல் அதே 100. ஆனால் இரண்டாமவரின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு அதிகம் என்பதால் சிஇடிபி என்ற புரதம் அதை எல்டிஎல்லுக்குள் தள்ளி, பதிலுக்குக் கொலஸ்ட்ரால் எஸ்டரை எடுத்துக்கொள்கிறது. பின்னர் நொதிகள் அந்த டிரைகிளிசரைடையும் உடைத்துவிட, எல்டிஎல் சிறுத்து அடர்த்தியாகிறது. ஒவ்வொரு துகளிலும் கொலஸ்ட்ரால் குறைவு, அதனால் அதே 100-ஐச் சுமக்க அதிகத் துகள்கள் வேண்டும். ரிப்போர்ட்டின் எல்டிஎல் வரியில் இது தெரியவே தெரியாது. சர்க்கரை நோய், உடல் பருமன், அதிக டிரைகிளிசரைடு உள்ளவர்களிடம் இது வாடிக்கை.

நான்-எச்டிஎல் இந்த ஓட்டையில் பாதியை அடைத்துவிடுகிறது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் போதும். மேலே சொன்ன இருவருக்கும் அது 120, 150. வித்தியாசம் உடனே தெரிந்துவிட்டது பாருங்கள்! விஎல்டிஎல் மிச்சங்கள் உட்பட ஏப்போபி தாங்கிய எல்லாத் துகள்களின் சரக்கும் இதில் அடங்கும். வெறும் வயிறு தேவையில்லை, கூடுதல் பரிசோதனையும் இல்லை. இவ்வளவு மலிவான கணக்கைப் பல ரிப்போர்ட்கள் அச்சிடாமலே விடுவது எனக்குப் புரியாத விஷயம். ஆனாலும் இதுவும் எடைதான், எண்ணிக்கை அல்ல.

ஏப்போபி நேரே எண்ணிக்கைக்குப் போகிறது. அதில் 90 சதவீதம் அளவுக்கு எல்டிஎல் துகள்களில்தான் இருக்கும். இதற்கும் வெறும் வயிறு தேவையில்லை. ஸ்டேட்டின் எடுப்பவர்களுக்கு இது கூடுதலாகவே உதவும். மருந்தால் எல்டிஎல் கொலஸ்ட்ரால் குறைகிற சதவீதத்துக்கு ஏப்போபி பொதுவாகக் குறைவதில்லை, எனவே எல்டிஎல் இலக்கைத் தொட்டவரிடமும் துகள்கள் மிச்சம் இருக்கலாம். 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல் மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு வைத்த இலக்குகள் இவை: எல்டிஎல் 55-க்குக் கீழ், நான்-எச்டிஎல் 85-க்குக் கீழ், ஏப்போபி 65-க்குக் கீழ்.

ஏப்போபியும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஏப்போஈ புரதத்தின் ஈ2 வடிவத்தோடு தொடர்புடைய ஓர் அரிய கோளாறில், கொலஸ்ட்ரால் நிறைந்த மிச்சத் துகள்கள் ரத்தத்திலேயே தேங்கிவிடும். எண்ணிக்கை அதிகமில்லாததால் ஏப்போபி சாதாரணமாகக் காட்டும், ஆபத்தோ அதிகம். அங்கே நான்-எச்டிஎல்தான் காட்டிக்கொடுக்கும். மற்றபடி ஏப்போபியின் குறை, வழக்கமான ப்ரொஃபைலில் அது பெரும்பாலும் இல்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே.

"நல்ல கொலஸ்ட்ரால்" என்று பெயர் எடுத்த எச்டிஎல்லை ஏன் போட்டியில் சேர்க்கவில்லை? அது குறைவாக இருப்பது ஆபத்தின் அடையாளம், உண்மைதான். ஆனால் அதை மருந்தால் ஏற்றிப் பார்த்த முயற்சிகள் கைகொடுக்கவில்லை. சிஇடிபியைத் தடுக்கும் டார்செட்ராபிப் எச்டிஎல்லை நன்றாகவே ஏற்றியது. எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். செல்களிலிருந்து கொலஸ்ட்ராலைத் திரும்ப எடுத்துப்போகும் வேலை எவ்வளவு நடக்கிறது என்பதை, எச்டிஎல்லில் இந்த நொடி எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணால் சொல்ல முடியாது.

டிரைகிளிசரைடு குறைவாக, சர்க்கரையும் பருமனும் இல்லாமல் இருப்பவருக்கு எல்டிஎல் வரியே பெரும்பாலும் போதும். நான்-எச்டிஎல்லை ஒருமுறை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். டிரைகிளிசரைடு ஏறியிருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, மருந்து எடுத்தும் சந்தேகம் தீராவிட்டாலோ, ஏப்போபி பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், எல்பி-ஏ என்று ஒரு துகள் இருக்கிறது, எல்டிஎல்லோடு இன்னொரு புரதம் ஒட்டியது. மூன்று எண்களும் அதைத் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும், தனியாகக் காட்டாது. அதன் அளவை மரபணுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது, வாழ்நாளில் அதிகம் மாறாது. அதனால் வளர்ந்தவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது அதைத் தனியாகப் பார்த்துவிடச் சொல்கிறது அதே 2019 வழிகாட்டுதல்.