இரண்டையும் ஒரே இடத்தில் சொல்ல முடிந்தது

நான்கு வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். மூன்று வார லீவில் பாதி நாள் தம்பியோடு அலைந்ததிலேயே போயிற்று. அவனுக்கு பைபோலார், அதாவது மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய். குடியும் இருக்கிறது. எது முதலில் வந்தது என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிடலாம் என்பேன். ஒன்று மற்றதைக் கிளப்பிவிடுகிறது, அதனால் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

போன இடங்களில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மனநல மருத்துவமனையில், “முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும்” என்றார்கள். குடி மீட்பு மையத்தில், “மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரை இங்கே சேர்க்க முடியாது” என்றார்கள்.

அதற்கு முன்பே குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஒரு சுயஉதவிக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், “மாத்திரையும் போதைதான்” என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். நம்பி, பைபோலாருக்குப் போட்டுக்கொண்டிருந்த லித்தியம் மாத்திரையை நிறுத்திவிட்டான். அதைத் திடீரென்று நிறுத்தினால் மேனியா என்கிற அந்த அளவுமீறிய உற்சாகம் திரும்பும் ஆபத்து அதிகம். முதலில் தூக்கம் போனது, பின்னாலேயே குடி வந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இப்படிப்பட்ட கூட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸே, உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. 1935-ல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், குடியை விட்ட பிறகும் பல வருஷம் மனச்சோர்வில் தவித்தவர்.

மூன்றாவது வாரம்தான் அந்தச் சிறிய குழுவைப் பற்றித் தெரிய வந்தது. இரண்டு நோயும் உள்ளவர்களே நடத்துவது. 1989-ல் நியூயார்க்கில் ‘டபுள் டிரபிள் இன் ரிகவரி’ என்று தொடங்கியதும் இதே வழிதான். வீட்டாரும் உட்காரலாம் என்றதால் நானும் போனேன். பத்துப் பன்னிரண்டு நாற்காலி. நடத்தியவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய், குடியை விட்டு ஆறு வருஷம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

தம்பியிடம் அவர் குடியைப் பற்றிக் கேட்கவேயில்லை.

“நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?”

தம்பி அவரையே பார்த்தான். “மூணு மணி நேரம்ணா.” வீட்டில் எங்களிடம் நன்றாகத் தூங்குவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒருவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இன்றோடு குடியை நிறுத்தப் போவதாகச் சொன்னார். “தனியா நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம். டாக்டர்கிட்ட போய் நிறுத்தலாம், நான் கூட வரேன்” என்று நடத்தியவர் தடுத்தார். தனக்குத் தெரிந்தது எதுவரை என்று அறிந்த மனிதர். அதனாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கூட்டம் முடிந்ததும் பையிலிருந்து தன் மாத்திரை டப்பாவை எடுத்தார். ஏழு நாளுக்கு ஏழு மூடி. அன்றைக்கான வியாழக்கிழமை அறையில் மாத்திரை இன்னும் அப்படியே இருந்தது.

“இதைப் போட இன்னிக்கு எனக்கும் மனசில்லை தம்பி. போட்டுட்டு உங்களுக்கு போன் பண்றேன். நீங்களும் டாக்டர் சொன்னபடி போட்டுட்டு எங்கிட்ட சொல்லணும், சரியா?”

அந்த வாரமே டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, லித்தியத்தை மறுபடி ஆரம்பித்தான். நான் கிளம்புவதற்கு முந்தின இரவு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு எடுத்தான்.

“போட்டாச்சுண்ணா. நீங்க?”