சீன மரபு மருத்துவத்தின் உடல்வாகு வினாப்பட்டியல்: ஒரு மதிப்பீடு

பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங் ச்சியின் தலைமையில் உருவாகி, 2009-இல் சீன மரபு மருத்துவச் சங்கம் வெளியிட்ட தரநிலையில் இடம்பெற்ற இந்த வினாப்பட்டியல், ஒருவர் தம் உடலைப் பற்றித் தாமே சொல்வதைக் கொண்டு அவருடைய உடல்வாகை, அதாவது உடலின் இயல்பான தன்மையை, அளக்கிறது. கடந்த ஓராண்டை நினைவில் வைத்து, 60 கேள்விகளுக்கு 'இல்லவே இல்லை' முதல் 'எப்போதும்' வரையிலான, 1 முதல் 5 வரை எண்ணிடப்பட்ட ஐந்து விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். சமநிலை, யாங் குறைவு (உடலின் வெப்பம் தரும் ஆற்றல் குறைவது), யின் குறைவு (உடலின் குளிர்ச்சியும் ஈரமும் குறைவது), இரத்தத் தேக்கம் முதலிய ஒன்பது வகைகளில் நாம் எதில் அடங்குகிறோம் என்பது முடிவாகக் கிடைக்கும்.

கேள்விகளின் நேர்த்தியை மனம் திறந்து பாராட்ட வேண்டும். கை கால் சில்லிட்டுப் போகிறதா, வாயில் பிசுபிசுப்பு தெரிகிறதா, காரணமின்றிப் பெருமூச்சு வருகிறதா, அடிபடாமலே தோலில் கன்றிப்போன தடங்கள் தோன்றுகின்றனவா என்று கேட்கிறார்கள். குளிரைத் தாங்க முடிகிறதா என்று கேட்கும்போதும், குளிர்காலத்தோடு நில்லாமல், கோடையில் ஏசியும் மின்விசிறியும் ஒத்துக்கொள்கின்றனவா என்றும் சேர்த்தே கேட்கிறார்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எந்தக் குறையும் தெரியாதபோதும் உடம்பு சரியில்லை என்று உணர்பவர்களுக்கு, அதை எடுத்துச் சொல்ல இங்கே இடம் கிடைக்கிறது. இந்தப் பட்டியலின் பெரும் பலம் இதுவே என்பது என் கருத்து.

மதிப்பெண் முறையில்தான் எனக்குத் தயக்கம். ஒரு வகைக்குரிய விடைகளின் கூட்டுத்தொகையிலிருந்து அவ்வகையின் கேள்வி எண்ணிக்கையைக் கழித்து, எஞ்சியதை அந்த எண்ணிக்கையின் நான்கு மடங்கால் வகுத்து, 100-ஆல் பெருக்குகிறார்கள். சமநிலை தவிர்த்த எட்டு வகைகளில், கிடைக்கும் எண் 30-க்குக் கீழ் இருந்தால் அவ்வகை இல்லை. 30-க்கு மேல் 40-க்குள் இருந்தால் அவ்வகையை நோக்கிய சாய்வு. 40-ஐத் தொட்டால் அவ்வகையே உறுதி. யாங் குறைவுக்குக் கேள்விகள் ஏழு. ஒருவரின் கூட்டுத்தொகை 18 என்றால் மதிப்பெண் 39.3, 19 என்றால் 42.9. அதாவது, ஒரே கேள்விக்குச் 'சில வேளை' என்பதற்குப் பதிலாக 'அடிக்கடி' என்று குறித்தாலே போதும், வகை மாறிவிடும். ஓராண்டின் அனுபவத்தை நினைவிலிருந்து சொல்லும் எவரும் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடத்தான் செய்வார்கள். தவிர, குளிர் தாங்காமை பற்றிய அதே விடை, எண் மதிப்பு தலைகீழாக்கப்பட்டுச் சமநிலை வகையின் கணக்கிலும் சேர்கிறது. ஒரு தடுமாற்றம் இரண்டு இடங்களில் எதிரொலிக்கிறது.

சீன அரசின் அடிப்படைப் பொதுச் சுகாதாரத் திட்டத்தில், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென 33 கேள்விகள் கொண்ட சுருக்கப் படிவம் பயன்படுகிறது. உடல் எடைக் குறியீடும் இடுப்புச் சுற்றளவும் அதில் விடைகளாகவே சேர்கின்றன. நாக்கின் மேற்படிவையும் நாக்கின் அடியிலுள்ள இரத்த நாளங்களையும் பரிசோதிப்பவரே பார்த்துக் குறிக்கிறார். தன்னுணர்வோடு பிறர் கண்ணும் அளவுநாடாவும் சேர்வதால், முதியோருக்கு இந்தப் படிவத்தையே நான் பரிந்துரைப்பேன்.

நோயைக் கண்டறிய இரண்டுமே போதா. நெஞ்சுவலியோ, காரணம் தெரியாத எடை இழப்போ இருப்பவர்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றவர்கள் முடிவைப் பெறும்போது வகையின் பெயரோடு நின்றுவிடாமல், ஒன்பது வகைகளின் மதிப்பெண்களையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. 39-க்கும் 43-க்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் தெரியும்.