கொளுத்தும் வெயிலில் சீன மின்சார கார்: எதை நம்பி வாங்கலாம்?

மின்சார காரின் பேட்டரி வெயிலுக்குப் பலியான கதைகளில் மிகவும் பேசப்பட்டது ஒரு ஜப்பானிய காரின் கதை. 2011இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிசான் லீஃப் வாங்கியவர்கள், அடுத்த கோடையிலேயே அதன் 12 கட்டங்களில் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டார்கள். பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் கட்டங்கள் அவை. மறைந்த கட்டம் சார்ஜ் ஏற்றினாலும் திரும்பி வராது. அந்த லீஃபின் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் செல்களின் சூடு தானாக வெளியேற வேண்டும். வெளியே 45 டிகிரி என்றால் அது எங்கே போகும்?

சீன கார்களை எடைபோடும்போதும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சூடு எந்த வழியாக வெளியேறுகிறது? சீனாவிலிருந்து வரும் கார்களிலேயே இதற்கு மூன்று வெவ்வேறு பதில்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘சீன கார்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை.

அந்த நாட்டுக்கு வெயில் புதிதல்ல. சின்ஜியாங்கின் துர்ஃபான் பள்ளத்தாக்கில்தான் சீன நிறுவனங்கள் கோடைச் சோதனைகளை நடத்துகின்றன. அங்கே சன்பாவோ என்ற ஊரில் 2023 ஜூலையில் 52.2 டிகிரி பதிவானது. குவைத்தின் மித்ரிபாவில் 2016இல் பதிவான 53.9 டிகிரியோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இரண்டு டிகிரிகூட இல்லை. ஆனால் சோதனைக் கார் அங்கே சில வாரங்கள் ஓடிவிட்டுத் திரும்பிவிடும். நம் கார் பத்துக் கோடைகளைக் கடக்க வேண்டும்.

வூலிங் ஹோங்குவாங் மினி போன்ற சிறிய கார்களை இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். அந்த மினியின் பேட்டரியைக் காற்றுதான் குளிர்விக்கிறது. மிதமான நகரத்தில் கடைக்குப் போய்வர அது போதும். மாதக்கணக்கில் 45 டிகிரி நிலவும் இடத்தில் லீஃபின் கதை திரும்ப நடப்பதற்கான எல்லாமே அதில் இருக்கிறது.

உண்மையான போட்டி பிஒய்டி அட்டோ 3 காருக்கும், பிரிட்டிஷ் பெயரில் சீன நிறுவனம் தயாரிக்கும் எம்ஜி4 காருக்கும்தான். பிஒய்டியில், ஏசியில் ஓடும் அதே குளிர்பதன வாயு பேட்டரிக்கு மேலே பதித்த தகட்டுக்குள் நேராகப் பாய்கிறது. எம்ஜி4இல் அந்த வாயு முதலில் ஒரு திரவத்தைக் குளிர்விக்கிறது, பிறகு அந்தத் திரவம் பேட்டரியைக் குளிர்விக்கிறது. இடைத்தரகர் இல்லாததால் பிஒய்டி முறையில் குளிர்ச்சி சட்டென்று போய்ச்சேரும். எம்ஜி முறையில் குளிர்ச்சி வரச் சற்று நேரமானாலும் எல்லா செல்களுக்கும் சமமாகப் பரவும். திரவமே சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். பழுது என்று வந்தால் திரவக் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. வாயுக் கசிவுக்கு ஏசி வேலையில் கைதேர்ந்தவர் வேண்டும்.

இரண்டு முறையிலும் ஒரே கம்ப்ரசர்தான் பயணிகளுக்கும் பேட்டரிக்கும் உழைக்கிறது. இதை நேரில் பார்க்க வேண்டுமானால், உச்சிவெயிலில் நெடுஞ்சாலையில் ஓடி வந்த காரை நேராக விரைவு சார்ஜரில் மாட்டிவிட்டு முன்பக்கம் நின்று பாருங்கள். சில நிமிடங்களில் மின்விசிறி முழு வேகத்தில் இரையத் தொடங்கும், பானட்டுக்கு அடியிலிருந்து அனல் காற்று முழங்காலில் அடிக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஏசி கொஞ்சம் மந்தமானதுபோலத் தோன்றலாம். திரையில் சார்ஜ் வேகத்தைக் காட்டும் கிலோவாட் எண் இறங்கலாம். அது கோளாறு என்று பலர் பதறுகிறார்கள். பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை அது. அட்டோ 3 உச்சத்திலேயே 90 கிலோவாட்டுக்குள்தான் சார்ஜ் ஏற்றும், பெரிய பேட்டரி எம்ஜி4 130 கிலோவாட்டைத் தாண்டும். தாளில் எம்ஜி வெல்கிறது. கடும் வெயிலில் அட்டோ 3இன் நிதானத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், குறைந்த மின்னோட்டம் குறைந்த சூட்டைத்தான் உண்டாக்கும்.

அடுத்தது வேதியியல். எம்ஜி4இல் ஒரே உடலுக்குள் இரண்டு விதமான பேட்டரிகள் வருவதால் ஒப்பிட வசதி. 51 கிலோவாட்-மணி பேட்டரி எல்எஃப்பி, அதாவது இரும்பு பாஸ்பேட். 64 கிலோவாட்-மணி பேட்டரி என்எம்சி, அதாவது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட். கட்டுக்கடங்காமல் சூடேறும் எல்லை எல்எஃப்பிக்குச் சுமார் 270 டிகிரி, என்எம்சிக்குச் சுமார் 210. அட்டோ 3இல் இருப்பதும் எல்எஃப்பிதான், பெயர் பிளேடு பேட்டரி. பிஒய்டி 2020இல் அதை அறிமுகம் செய்தபோது அதில் ஆணி அடித்துக் காட்டியது. புகையும் இல்லை, தீயும் இல்லை.

ஆனாலும் தீயைப் பற்றிய அச்சத்தில் மூழ்கிவிட்டால் பெரிய விஷயம் கண்ணில் படாது. 50 டிகிரி வெயில் அந்த 210க்குப் பக்கத்தில்கூட வராது. வெயில் செய்வது மெதுவான வேலை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதி வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. செல்லுக்குள் நடக்கும் பக்க வினைகள் ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் லித்தியத்தைத் தின்றுவிடுகின்றன. இரண்டு வகைக்கும் இது பொருந்தும். எல்எஃப்பி அதிகமான சார்ஜ் சுழற்சிகளைத் தாங்குவதால் முந்துகிறது.

எல்எஃப்பியில் ஒரு சிக்கல் உண்டு, விற்பவர்கள் இதை முழுதாக விளக்குவதில்லை. அதன் மின்னழுத்தம் சார்ஜ் பாதியில் இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அதனால் மிச்சம் எவ்வளவு என்று கணினி சரியாகக் கணிக்க அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றச் சொல்கிறார்கள். முழுச் சார்ஜுடன் வெயிலில் நிறுத்துவதோ எந்த லித்தியம் பேட்டரிக்கும் ஆகாது. வெப்ப நாட்டில் இரண்டையும் ஒத்துப்போக வைக்க ஒரே வழி, 100 சதவீதத்தை விடியற்காலையில் முடியுமாறு வைத்துவிட்டு உடனே கிளம்புவது. நண்பகலில் நிறுத்தப்போகும் காரில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும்.

ஸீக்கர் 001 இன்னொரு உலகம். அதன் 100 கிலோவாட்-மணி என்எம்சி பேட்டரி நீண்ட தூரத்துக்கானது. பேட்டரி பெரிதாக இருந்தால் தினசரி ஓட்டத்தில் ஒவ்வொரு செல்லும் குறைவாகவே உழைக்கும், அது வெயிலில் நல்லது. நிழலான நிறுத்துமிடமும் நீண்ட பயணங்களும் இருப்பவருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். திறந்த வெளியில் நாள் முழுவதும் நிறுத்துபவருக்கு மாட்டேன்.

குளிர்விக்கும் ஏற்பாட்டின் மதிப்பு எண்ணிலேயே தெரிகிறது. ஆயிரக்கணக்கான கார்களின் தரவை ஆராய்ந்த ஜியோடேப் நிறுவனத்தின் கணக்குப்படி, 2015 மாடல் லீஃப் ஆண்டுக்குச் சராசரியாக 4.2 சதவீதக் கொள்ளளவை இழந்தது. திரவக் குளிர்விப்பு கொண்ட அதே ஆண்டின் டெஸ்லா மாடல் எஸ் இழந்தது 2.3 சதவீதம். சீன பேட்டரி என்றாலே தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: ஷாங்காயில் தயாராகும் டெஸ்லா மாடல் 3இன் அடிப்படை வகை, 2020 முதலே சீனாவின் சிஏடிஎல் நிறுவனத்தின் எல்எஃப்பி பேட்டரியோடு வருகிறது.

ஒரே மாடலிலும் இரண்டு பதிப்புகள் புழங்குகின்றன. சீன உள்நாட்டுச் சந்தைக்கான காரை வணிகர்கள் தனியாக இறக்குமதி செய்து மலிவாக விற்கிறார்கள். அதன் விரைவு சார்ஜ் துளை ஜிபி/டி என்ற சீன வகை. ஏற்றுமதிப் பதிப்பில் பெரும்பாலும் சிசிஎஸ்2 என்ற ஐரோப்பிய வகை. உள்நாட்டுப் பதிப்புக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் வெளிநாட்டில் பொதுவாகச் செல்லாது. பிஒய்டி பல நாடுகளில் பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கும் உத்தரவாதம்தான் வெயிலில் வாழ்பவருக்குக் கவசம். சில ஆயிரம் மிச்சப்படுத்த அதை இழப்பது எனக்கு ஏற்புடையதே அல்ல.

என் தேர்வு ஏற்றுமதிப் பதிப்பு அட்டோ 3. அதற்கு அடுத்து 51 கிலோவாட்-மணி எம்ஜி4. எதை வாங்குவதானாலும் சோதனை ஓட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் போங்கள். வெயிலில் நின்ற காரை எடுத்து அரை மணி நேரம் வேகமாக ஓட்டுங்கள், ஏசியைக் குறைக்காமல் விரைவு சார்ஜரில் மாட்டுங்கள், இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்து திரையில் அந்தக் கிலோவாட் எண்ணைப் பாருங்கள்.